மஞ்சள் அட்டைக் கூண்டு

சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திலகவதி கட்டிலில் வந்து சாய்ந்தாள். பட்டப்பகலில் படுப்பதற்கு உடம்பு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, யாரோ கூப்பிடுவது போலவே இருந்தது, எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். இப்போது என்னடாவென்றால் சோறு இறங்கியதும் கை தானாகத் தலையணையைத் தேடுகிறது. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அதற்கு இரண்டே வேகம்தான், ஒன்று நின்றுவிடும், இல்லாவிட்டால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் போலப் பறக்கும். மின்வாரியத்தில் பொறியாளராக இருக்கிற தன் கணவர் கருணாகரனிடம் அதைச் சொன்னபோது, கண்டென்சர் போயிருக்கும், நான் மேலே வர முடிந்தால் ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடுவேன் என்றார். மேலே வர முடியாது. யாரும் வர முடியாது. சாப்பாட்டுப் பை கதவுக்கு வெளியே நாற்காலியில் வந்து உட்காரும், கொண்டுவந்தவரின் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்த பிறகு இவள் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வாள். ஆராய்ச்சி நிலையத்தின் விருந்தினர் விடுதி, இரண்டாவது மாடி, ஓரத்து அறை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி, அதன் விளிம்பில் சண்டை போடும் மைனாக்கள், அதற்கப்பால் தொற்று ஆய்வுக்கூடத்தின் கூரையில் வரிசையாக நிற்கும் பெரிய காற்றுக் குழாய்கள். இத்தனை வருஷமாக அந்தக் கட்டடத்துக்குள் அவள் விட்ட மூச்செல்லாம் வடிகட்டப்பட்டு அந்தக் குழாய்கள் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து அவற்றைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பார்க்க அழகாகக்கூட இருந்தன. வெயில் பட்டுப் பட்டு, கழுவி வைத்த குடங்கள் மாதிரி. இதைக் கூட வேலை பார்க்கிற ஃபரீதாவிடம் சொன்னால், உனக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிட்டது என்பாள். காய்ச்சல் இல்லை. காலையிலும் பார்த்தாயிற்று. வேண்டுமானால் இப்போது ஒரு தடவை பார்க்கலாம். வேண்டாம். இன்றைக்குத் தெர்மாமீட்டர் ஒன்றையும் சொல்லப்போவதில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் காலையில் மூக்கிலிருந்து எடுத்துக்கொண்டு போன பஞ்சுக்குச்சி சொல்லும். அதுதான் கடைசி மாதிரி. அதில் ஒன்றும் இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். மத்தியானத்துக்கு மேல் போன் பண்ணுகிறேன் என்று ஃபரீதா சொல்லியிருந்தாள். மத்தியானத்துக்கு மேல் என்றால் எப்போது. இதுவும் மத்தியானத்துக்கு மேல்தான். போன் தலையணைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் மைனாக்களைப் பார்த்தாள்.

இடது கை ஆள்காட்டி விரலில் எள்ளளவு தழும்பு. கட்டை விரலால் தடவிப் பார்த்தால் மட்டும் தெரியும். இந்த எள்ளுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பெரிய ஊசியோ, உடைந்த கண்ணாடிக் குழாயோ குத்தியிருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு மரியாதையாவது இருந்திருக்கும், கடித்தது ஒரு ஹாம்ஸ்டர். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற, பொன்னிறத்து, வாலே இல்லையோ என்று நினைக்க வைக்கிற சின்னப் பிராணி. மனிதருக்கு வருகிற கொரோனாவைக் கொடுத்தால் மனிதர் மாதிரியே நுரையீரல் கெட்டுப் படுத்துக்கொள்ளும், அதனால் உலகத்தில் பாதி ஆய்வுக்கூடங்கள் அதை வைத்துத்தான் மருந்து பார்க்கின்றன. இவர்களுடைய மருந்து மூக்கில் விடுகிற சொட்டு. நோய் வந்து பிழைத்தவர்களின் இரத்தத்தில் தேடித் தேடி, வைரஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற எதிர்ப்புரதம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதைப் பெருக்கி, சொட்டாக்கியிருந்தார்கள். சொட்டு விட்டு, அப்புறம் வைரஸைக் கொடுத்து, தினமும் எடை பார்ப்பது. எடை இறங்கினால் நோய். இறங்காமல் நின்றால் மருந்து வேலை செய்கிறது. அவ்வளவுதான், இதற்காக வானத்தைப் பார்க்கிற தொலைநோக்கி எல்லாம் தேவையில்லை, மளிகைக்கடைத் தராசின் தம்பி மாதிரி ஒரு தராசு போதும். கூண்டுகளில் நான்கு நிறத்தில் அட்டை. ஒரு நிறம் அதிக அளவு மருந்து, ஒன்று குறைந்த அளவு, ஒன்று வெறும் உப்புத் தண்ணீர், ஒன்று வைரஸே கொடுக்காமல் சும்மா வளர்ப்பது. எந்த நிறம் எது என்று எடை பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் தராசு முள் மனசுக்கு ஏற்றபடி சாயும்; அந்த ரகசியம் இன்னொரு கட்டடத்தில் புள்ளியியல்காரரிடம் இருந்தது. அன்றைக்கு வைரஸ் கொடுத்து நாலாவது நாள். நோய் உச்சத்தில் இருக்கிற நாள். முகமூடிக்குள் காற்று புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருக்க, அவள் மஞ்சள் அட்டைக் கூண்டைத் திறந்து, முதல் ஹாம்ஸ்டரின் பிடரியைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கினாளா, தூக்கப் போனாளா. அது உடம்பை ஒரு முறுக்கு முறுக்கித் திரும்பிக் கடித்தது. இரண்டு கையுறையையும் தாண்டி. வலிக்கவில்லை. உள்ளே சூடாக ஏதோ ஊறியது, வியர்வை என்று நினைக்கத்தான் ஆசைப்பட்டாள். எதிரே நின்ற ஃபரீதா கூண்டை மூடிவிட்டுத்தான் அவள் கையைப் பார்த்தாள். ஃபரீதா கால்நடை மருத்துவர், விலங்குக்கூடம் முழுக்க அவள் பொறுப்பு. எந்தக் கலவரத்திலும் முதலில் கூண்டை மூடுவாள். குழாயடியில் நிற்க வைத்து, "அழுத்தாதே. ஓட விடு. சோப்புப் போடு. இன்னும் போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. இரத்தம் ஒரு பொட்டு. தண்ணீரில் அது எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

ஆனால் அது என்ன முறுக்கு முறுக்கியது. இந்த இடத்துக்கு வந்தால் மனசு வண்டிச்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது போல இறங்கி, அங்கேயே சுற்றும். நாலாம் நாளில் நோய்கொண்ட ஹாம்ஸ்டர் அப்படித் திமிறாது. மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு பந்தாய்ச் சுருண்டிருக்கும், தூக்கினால் தொங்கும், கண் பாதி மூடியிருக்கும். இது திமிறியது, கடித்தது, கடித்துவிட்டு மரத்தூளைக் கிளறிக்கொண்டு ஓடி எதையோ கொறிக்கக்கூடச் செய்தது. அப்படியென்றால் மஞ்சள் எது. வைரஸே கொடுக்காத கூட்டமாக இருக்கலாம். அப்படியிருந்தால் கடியும் ஒன்றுமில்லை, இந்த அறைவாசமும் வீண், நிம்மதி, ஆனால் அந்தத் துள்ளலுக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. மருந்து கொடுத்த கூட்டமாக இருக்கலாம். அப்படியிருந்தால் மருந்து வேலை செய்கிறது, அது துள்ளியதே அதற்குச் சாட்சி. ஆனால் அதன் வாயில் வைரஸும் இருந்தது, கொஞ்சமோ நிறையவோ, இந்த விரலுக்குள் அது இறங்கியும் இருக்கும். மூன்றாவது ஒன்றும் உண்டு. உப்புத் தண்ணீர் கூட்டமாக இருந்து, இது மட்டும் குணங்கெட்ட ஹாம்ஸ்டராக, சாகிற சமயத்திலும் கடித்துவிட்டுச் சாகிற ஜாதியாக இருக்கலாம். அப்போது மருந்தும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஃபரீதாவிடம் ஒரு நாள் கேட்டே விட்டாள், மஞ்சளில் எடை எப்படிப் போகிறது என்று. "நிறத்தோட ரகசியத்தைத் திறக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ சாப்பிட்டியா?" என்றாள் ஃபரீதா. சாப்பிட்டேன். இங்கே சாப்பிடுவதைத் தவிர வேறென்ன. வெண்டைக்காய்ப் பொரியலை ஒவ்வொரு துண்டாக மென்று சாப்பிட்டேன் என்றால் நம்புவாளா. ஆய்வுக்கூடத்துக்குப் போனால் அவசரத்துக்கு இரண்டு இட்லி, அதுவும் நின்றபடி. முகமூடி போட்டபின் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. உள்ளே போகிற நாளில் தாகம் எடுக்காமல் இருக்கவே உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. இங்கே வந்தபிறகுதான் மத்தியானத்தில் தாகம் எடுப்பதே அவளுக்குத் தெரிந்தது. எழுந்து பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்குவதைக் கவனித்தாள். கவனித்தது தப்பு. தொண்டையில் ஏதோ உறுத்தியது.

உறுத்தியதா. விழுங்கிப் பார்த்தாள். இல்லை. மறுபடி விழுங்கினாள், இடது பக்கம், நாக்குக்கு அடியில், ஒரு வறட்சி. மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடித்தால் யாருக்கும் தொண்டை வறளும். ஆனால் கடைசி நாளில்கூட அது ஆரம்பிக்கலாம், ஆரம்பித்தவர்கள் உண்டு, அவளே அப்படிப்பட்டவர்களைப் பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறாள், படம் போட்டு, குச்சியால் சுட்டிக்காட்டி. தெரியாதவர்களுக்கு ஒரே பயம். தெரிந்தவர்களுக்கு அதே பயம் விளக்கப்படத்தோடு வருகிறது. வைரஸ் முதலில் எங்கே ஒட்டும், எந்தக் கதவைத் தட்டும், உள்ளே போய் என்ன செய்யும், நுரையீரலின் கடைசிக் குமிழ்களில் எப்படி நீர் கோத்துக்கொள்ளும், எல்லாம் அவளுக்கு வரிசையாகத் தெரியும். அந்த வரிசை தெரிந்திருந்தும் குருவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. குமரகுரு, அவளுடைய ஒரே தம்பி. இதே ஊரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதில் பேர் போனவன், கிளட்ச்சை எத்தனை தடவை விட்டாலும் கோபமே வராது. இரண்டாவது அலை ஊரைப் புரட்டிப்போட்ட சமயத்தில் ஊர் முழுதுக்கும் மாதிரி பரிசோதித்தது இவர்கள் நிலையம்தான். குழாய்களில் பெயர் இருக்காது, எண்தான். திரையில் கோடு எழும்பும். சீக்கிரம் எழும்பினால் வைரஸ் நிறைய. அன்றைக்கு ஒரு கோடு விறுவிறுவென்று எழும்பியதைப் பார்த்து, யாரோ பாவம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. நினைத்துவிட்டு அடுத்த மாதிரிகளை எடுத்துவிட்டாள். அந்த யாரோ குரு என்பது மறுநாள்தான் தெரிந்தது. போனில் கேட்டாள், எப்படிடா இருக்கு என்று. "ஒண்ணு, மில்லக்கா. கொஞ்சம் களைப்பு" என்றான். அந்தச் சொல்லுக்கு நடுவில் அவன் ஒரு மூச்சு எடுத்தான். ஒண்ணு என்பதற்கும் மில்லக்கா என்பதற்கும் நடுவில். வேறு யாருக்கும் அது காதில் விழுந்திருக்காது. அவளுக்கு விழுந்தது, விழுந்த கணத்திலேயே மீதிக் கதையும் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயை அவளுக்கு அனுப்பினார்கள். கறுப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம் வெள்ளை, பனி விழுந்த ஜன்னல் மாதிரி. ஜன்னலைப் பார்த்தாள். பனி எதுவும் இல்லை, வெயில்தான், மைனாக்கள் எங்கேயோ போய்விட்டன. வாயைத் திறந்து, ஒண்ணுமில்லக்கா என்று ஒரே மூச்சில் சொன்னாள். அறைக்குள் வந்ததிலிருந்து தினமும் ஒரு தடவை சொல்லிப்பார்ப்பதுதான். சொல் உடையவில்லை. இன்னொரு தடவை சொன்னாள், கொஞ்சம் வேகமாக. உடையவில்லை. அக்கா என்று கூப்பிட இனி யாரும் இல்லாதபோது தன்னையே அக்கா என்று கூப்பிட்டுக்கொள்வது வேடிக்கையாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது, ஆனாலும் மூச்சு முழுசாக இருந்தது. தொண்டையை மறந்துபோனாள். சற்றுப் பொறுத்துத்தான் மறந்ததே ஞாபகம் வந்தது, விழுங்கிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை.

மணி என்ன ஆகிறதோ. கருணாகரன் வருகிற நேரம் ஆகியிருக்காது, வெயில் இன்னும் தொட்டியின் தலையில்தான் நிற்கிறது, அதன் இடுப்புக்கு இறங்கும்போது வருவார். தொட்டியடியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, நிமிர்ந்து பார்த்து, போனை எடுப்பார். மேலே ஜன்னலில் இவள், கீழே அவர், நடுவில் போன். கல்யாணம் ஆன நாள் முதலாக இரண்டு பேரும் இப்படி நின்று பேசியதில்லை. பெண் பார்க்க வந்தபோது காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், அடுத்துப் பேசியது மணவறையில், அதுவும் புகை கண்ணில் படுகிறதா என்று அவர் கேட்டதுதான். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு ஷிப்ட் ஆட்கள் ஒரு வீட்டில் இருப்பது மாதிரி ஓடிவிட்டது. மழை, காற்று என்றால் அவர் இருக்கமாட்டார், எங்காவது மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கும். நோய், நொடி என்றால் இவள் இருக்கமாட்டாள். சாவி வைக்கிற ஆணியில்தான் ஒருவர் வந்துபோனது மற்றவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் இங்கே தினமும் வந்து நிற்கிறார். முதல் நாள் என்ன பேசுவதென்று தெரியாமல், "கரண்ட் ஒழுங்கா இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றாள். "பின்னே," என்றார், தானே கம்பி இழுத்துக் கொடுத்தது மாதிரி. மறுநாள் சாப்பாட்டுப் பையோடு ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. "கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாரு. என்னன்னு சொல்லு" என்றார். வாசனை தெரியாமல் போவது இந்த நோயின் அடையாளம் என்று அவளே ஒரு காலத்தில் சொன்னதை எங்கேயோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அன்றைக்கு நாரத்தை இலை. அப்புறம் வெந்தயம், அப்புறம் புது சைக்கிள் டியூப் துண்டு, அவள் அதைக்கூடச் சரியாகச் சொன்னபோது கீழே நின்று அப்படிச் சிரித்தார். ஒரு நாள் திருநீற்றுப்பச்சை. "எங்க கெடச்சுது?" என்று கேட்டாள். "சப்ஸ்டேஷன் வேலியோரமா மொளைச்சு நிக்குது. இத்தனை வருஷமா அந்தப் பக்கமா நடந்திருக்கேன், பார்த்ததே இல்ல." ஒரு நாள் மட்டும் பொட்டலத்தில் எந்த வாசனையும் வரவில்லை. காகித வாசனைகூட வருகிறதா என்று சந்தேகமாகிவிட்டது. போனைக் காதில் வைத்தபடியே பொட்டலத்தை மூக்கோடு அழுத்தி மறுபடி மறுபடி முகர்ந்து பார்த்தாள். கீழே இருந்து, "என்ன திலகா? என்ன?" என்றார். ஒன்றும் தெரியவில்லை என்றாள். அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "ஐயோ, வைக்க மறந்துட்டேன்" என்றார். மடிக்கும்போது டிரான்ஸ்பார்மர் போய்விட்டதென்று போன் வந்திருக்கிறது, வெறும் காகிதத்தையே மடித்து வைத்துவிட்டார். அவளுக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு தொட்டியடியிலேயே நின்றார். போன் வைத்த பிறகும் போகவில்லை. இருட்டத் தொடங்கியபோதுதான், போங்க, நாளைக்கு ஞாபகமா வைங்க என்று இவளே கூப்பிட்டுச் சொன்னாள். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வந்தது. சிரித்தாள், ஆளில்லாத அறையில், கூரையைப் பார்த்து.

சிரிப்பு அடங்கியபோது அதன் அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. அவருக்கு மஞ்சள் அட்டையைப் பற்றியும் சொல்லியிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த எலிக்கு வியாதியே இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். அவர் விருப்பம் அப்படி ஒரே கோடாக இருந்தது. அவளும் ஆமாம் என்றாள். ஆனால் ராத்திரி ஒவ்வொரு தடவையும் கண் அசரப்போகிற நேரத்தில் மனசு தானாக என்ன வேண்டிக்கொள்கிறதென்று கவனித்தபோது, அது வேறு. மருந்துக் கூட்டமாக இருக்கணும். அதன் வாயில் வைரஸ் இருந்திருக்கணும். இருந்தும் அது துள்ளியிருக்கணும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது. கீழே வெயிலில் நின்று திருநீற்றுப்பச்சை கொண்டுவருகிற மனிதரிடம், எனக்கு வியாதி வந்திருக்கக்கூடிய வழியைத்தான் நான் விரும்புகிறேன் என்று சொல்ல முடியுமா. உயிர்மேல் ஆசை இல்லாதவளா என்றால் அதுவும் இல்லை. வெண்டைக்காயை ருசித்துச் சாப்பிடுகிறவளுக்கு உயிர்மேல் ஆசை இல்லாமலா. இரண்டும் வேண்டும். அது துள்ளியதற்கு மருந்தே காரணமாக இருக்கணும், எனக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. குழந்தை மாதிரிதான், கடைக்குப் போனால் இரண்டு பொம்மையையும் எடுத்துக்கொண்டு ஒன்றைக் கீழே வைக்காத குழந்தை. தான் இப்படி ஒரு ஆள் என்பது இத்தனை வயசுக்கு அப்புறம் ஒரு கட்டிலில் கிடந்து தெரிந்தது. தெரிந்ததில் வெட்கம் இருந்தது, கூடவே ஒரு திருப்தியும் இருந்தது. எதற்காக இத்தனை வருஷம் தாகத்தை அடக்கிக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குள் போய்வந்தோம் என்று சில சமயம் அவளுக்கே சந்தேகம் வரும். சம்பளத்துக்குத்தானோ, பழக்கத்துக்குத்தானோ என்று. இல்லை. இதற்குத்தான். அந்தச் சின்னப் பிராணி முறுக்கிய முறுக்குக்குத்தான். அந்த எண்ணம் இதமாக இருந்தது, கண்ணை மூடினாள், விசிறியின் சத்தம் மெல்ல ஆய்வுக்கூடத்தின் காற்றுச் சத்தமாக மாறிக்கொண்டிருந்தது, யாரோ ஒரு கூண்டைத் திறந்தார்கள், அதற்குள் குரு உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கிளட்ச்சை மெதுவா விடுக்கா என்றான், முழு மூச்சில். போன் அடித்தது.

"தூங்கிட்டு இருந்தியா?" என்றாள் ஃபரீதா. "இல்ல. சும்மா படுத்திருந்தேன்." "மூக்குல ஒண்ணும் இல்ல. ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தாச்சு. ரத்தத்துலயும் ஒண்ணும் இல்ல. நீ கெளம்பலாம்." திலகவதி எழுந்து உட்கார்ந்தாள். சரி என்றாள். நிம்மதி வரும் என்று பார்த்தாள், வந்தது, ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வர எதற்கோ காத்திருந்தது. "மஞ்சள்?" என்றாள். "வீட்டுக்குப் போன்னு சொல்றேன், மஞ்சள்ங்கறா." "ஃபரீதா." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "மருந்துதான். குறைஞ்ச அளவு." குறைந்த அளவு கூட்டமே வேண்டாம், அது ஒன்றும் செய்யாது, வீணாக ஹாம்ஸ்டர்களைக் கொல்வானேன் என்று ஆரம்பத்தில் வாதாடியது திலகவதிதான். ஃபரீதா தொடர்ந்தாள். "முழுசா சந்தோஷப்படாதே. மஞ்சள்ல ரெண்டுக்கு எடை இறங்கிருச்சு. மத்ததெல்லாம் நின்னுது. அதிக அளவு கொடுத்த பச்சையில எல்லாமே நின்னுது. சிவப்புதான் உப்புத் தண்ணி, அதுங்களை நீ பார்க்காம இருந்ததே நல்லது." "என்னைக் கடிச்சது?" "அதுவா. அது எடை கூடியிருந்துச்சு." இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே திலகவதிக்கு ஒன்று உறைத்தது. "இருந்துச்சுங்கறே." "ஆமா. நேத்து முடிச்சோம் எல்லாத்தையும். நுரையீரல் பார்க்கணும்ல." தெரிந்ததுதான். எந்தச் சோதனையும் அப்படித்தான் முடியும், அந்தத் தேதியைக் குறித்ததே அவள்தான். ஆனாலும் விரலில் இருந்த தழும்பின்மேல் கட்டை விரல் போய் நின்றுகொண்டது. ஃபரீதாவின் குரல் தணிந்தது. "உன்னுதை நானே செஞ்சேன். சுத்தமா இருந்துச்சு திலகா. இளஞ்சிவப்பா, ஒரு புள்ளி கிடையாது. வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். உன்கிட்ட அப்பவே சொல்லணும்போல இருந்துச்சு, நிறத்தோட ரகசியம் திறக்கலையேன்னு பேசாம இருந்தேன்." திலகவதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளையாக அடைத்துப்போன ஒரு படம் அவள் கண்ணுக்குள் இத்தனை நாளாக ஒரே இடத்தில் மாட்டியிருந்தது. அது இப்போதும் அங்கேதான் இருந்தது, யாரும் கழற்றிவிடவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில், உள்ளங்கையில் வைக்கிற அளவு, இளஞ்சிவப்பாக இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை, வரட்டும் என்று விட்டாள். "லைன்ல இருக்கியா?" என்றாள் ஃபரீதா. "இருக்கேன்." "அடுத்த சோதனைக்கு உறை மூணு போட்டுக்கணும்னு எழுதிட்டேன். நீ வேணாம்னு சொன்னாலும் கேக்கமாட்டேன்." "நான் வேணாம்னு சொல்லல." "நாளைக்கு வந்துடாதே. ரெண்டு நாள் வீட்ல கிட" என்று சொல்லிவிட்டு ஃபரீதா வைத்துவிட்டாள்.

கிளம்பவேண்டியதுதான். பை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு புடவை, ஒரு துண்டு. அவள் எழுந்துகொள்ளவில்லை. சந்தோஷம் இப்போதுதான் உள்ளே வந்து, எங்கே உட்காரலாம் என்று அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது, அதை உடனே வெளியே கூட்டிக்கொண்டு போக மனசில்லை. வீட்டுக்குப் போனால் சாவி, ஆணி, குக்கர், அவருடைய போன், இவளுடைய போன். இங்கே ஒரு ஜன்னல்தான். கருணாகரனைக் கூப்பிட்டுச் சொல்லலாமா. சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு அலறிப்புடைத்துக்கொண்டு வருவார், வண்டியை எங்காவது இடித்துக்கொள்வார். தானாக வரட்டும். வழக்கம்போல வந்து நிற்கட்டும், இன்னும் ஒரே ஒரு தடவை. இது கள்ளத்தனம் என்று தெரிந்தது. தெரிந்தும் ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் தொட்டியின் தோளுக்கு வந்தது, இடுப்புக்கு இறங்கியது. வண்டிச் சத்தம் கேட்டது. அவர் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, நிமிர்ந்து பார்த்தார். உச்சியில் முடி குறைந்திருப்பது மேலே இருந்து பார்த்தால்தான் தெரிகிறது. சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தது, முதுகெல்லாம் வியர்வை. போன் வந்தது. "என்ன, ஜன்னல்லயே இருக்கே?" என்றார். "சும்மாத்தான். வேலை அதிகமா?" "கிழக்கால ஒரு கம்பம் சாஞ்சிருச்சு. லாரிக்காரன் இடிச்சுட்டான். போன் வந்துதா?" அவள் அதற்குப் பதில் சொல்லாமல், "கம்பம் நட்டாச்சா?" என்று கேட்டாள். "நட்டாச்சு. கரண்டும் குடுத்தாச்சு. ஒரு அம்மா மோர் குடுத்தாங்க." "குடிச்சீங்களா?" "குடிச்சேன். நல்லா இருந்துச்சு, பெருங்காயம் போட்டு." இப்படியே பேசிக்கொண்டிருக்கலாம் போல இருந்தது. அவரும் தொட்டியில் சாய்ந்து நின்று, மோர் கொடுத்த அம்மாவின் வீட்டில் ஒரு கிளி இருந்ததைச் சொன்னார். அது மின்வாரியக்காரர்களைப் பார்த்தாலே திட்டுமாம். அவள் கேட்டுக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "திலகா, போன் வந்துதான்னு கேட்டேனே" என்றார் மறுபடி, இந்தத் தடவை மெதுவாக. அந்தக் குரலில் ஒரு வாரத்துக்கு மேலாக அவர் தூங்காதது தெரிந்தது. "வந்துச்சு. ஒண்ணும் இல்லையாம்." அவர் தொட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "மருந்தும் வேலை செய்யுது" என்றாள். "அந்த எலி?" "அதுக்கு வைரஸ் குடுத்திருந்தாங்க. நான் அப்படித்தான் இருக்கணும்னு நெனச்சேன். உங்ககிட்ட சொல்லல." அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "தெரியும்" என்றார். "எப்படி?" "நீ ஆமான்னு சொன்ன விதத்துலயே தெரிஞ்சுது. உன்கூட எத்தனை வருஷமா இருக்கேன்." சாவி மாட்டுகிற ஆணி வழியாகவே இவ்வளவும் தெரிந்துவிட்டதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "சரி, எப்ப விடுறாங்க? நாளைக்கா?" "இல்ல. இப்பவே வரலாம்." "இப்பவேவா?" என்றார் அவர். சொல்லிவிட்டு, ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி குனிந்து தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். சட்டையில் கிரீஸ் கறை. அதை விரலால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்து வண்டிப் பெட்டியில் போட்டார். வண்டிக் கண்ணாடியைத் தன் பக்கமாகத் திருப்பி, குனிந்து, இருக்கிற முடியைக் கையால் படிய வாரிக்கொண்டார். மேலே ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதே மறந்துவிட்டது போலிருந்தது. திலகவதி ஜன்னலை விட்டு நகர்ந்தாள். பையை எடுத்துக் கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்து, போனில், "கொஞ்சம் இருங்க. நான் முகம் கழுவிட்டு, புடவை மாத்திக்கிட்டு வர்றேன்" என்றாள். "மெதுவா வா" என்றார் அவர். "நான் இங்கதான் நிக்கிறேன்."